ஐந்தாவது குழாய்

— மூடியைத் தொடாதண்ணா. அப்படியே இருக்கட்டும்.

— தொடலம்மா, சும்மா பாத்தேன். இதுக்கா வேலை நேரத்துல துளை போடுற மெஷினை அப்படியே விட்டுட்டு ஓடி வரச் சொன்னே? இந்த அறை வேற... ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு.

— மண்ணு காயக் கூடாதுன்னுதான் இந்தக் குளிர். ஸ்வெட்டர் கதவுக்குப் பின்னால தொங்குது, போட்டுக்கோ. உக்காரு. இது எந்தக் குழாய்னு தெரியுதா?

— "அஞ்சு"ன்னு என் கையெழுத்துதானே போட்டிருக்கு. ஆத்தங்கரையில துளை போட்டு நாம எடுத்த மண்ணு. மொத்தம் ஏழு குழாய். ஆறு வருஷம் இருக்கும்.

— மெஷினை ஓட்டினது நீ.

— மண்ணைப் படிச்சுப் பேர் வாங்கினது நீ. தோண்டுறவன் ஒருத்தன், கொண்டாடுறவ ஒருத்தி. நம்ம வீட்டு வழக்கம்தானே பாப்பா.

— அண்ணா... இன்னைக்குச் சிரிக்கக்கூட தெம்பு இல்ல.

— சரி, சரி. சாப்டியா?

— அதை விடு. சிவப்பு மூடி எந்தப் பக்கம் போடுவே?

— இது என்ன கேள்வி? சிவப்பு மேல, கறுப்பு கீழ. இருபது வருஷமா அதான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும்...

— இந்த லென்ஸை வெச்சுப் பாரு. அப்போ குழாயை நீளவாக்குல பிளந்து ஒரு பாதியைத்தான் படிச்சேன், அதுல வேர் கண்ணுல படல. மிச்சப் பாதியைப் போன வாரம்தான் திறந்தேன். வண்டலுக்குள்ள மெல்லிசா வேர் தெரியுதா?

— தெரியுது.

— சிவப்புதான் மேல்னா, வேர் எந்தப் பக்கம் மெலிஞ்சுகிட்டே போகுது?

— ...மேல் பக்கம்.

— எந்தச் செடிக்காவது வேர் வானத்தைப் பாத்து வளருமா?

— இல்ல, வெள்ளத்துல ஏதாவது செடி அடிச்சுட்டு வந்து, தலைகுப்புற விழுந்து...

— முப்பத்தேழு வேர் எண்ணினேன். முப்பத்தேழும் குட்டிக்கரணம் போட்டுச்சா? குழாய் தலைகீழா இருக்குண்ணா.

— இருந்தா என்ன இப்போ? திருப்பி வெச்சாப் போச்சு.

— திருப்பி வெச்சா என் கட்டுரை போச்சு.

— நீ மேடையில பேசினியே, அதா? எனக்குப் பாதி புரியல. பனியுகம் முடிஞ்சு ஆறு அடங்கிச்சு, அப்புறம் திரும்ப ஒரு தடவை வெறி பிடிச்சு ஆடிச்சுன்னு...

— அதேதான். கடுங்குளிர்ல மலையில செடி கொடி கம்மி, மண்ணைப் பிடிச்சு வைக்க ஆள் இல்ல. கல்லும் மணலும் சரிஞ்சு வந்து ஆத்தை அடைக்கும். ஆறு பத்துக் கிளையாப் பிரிஞ்சு கண்டபடி ஓடும். சூடு வந்து, காடு முளைச்சு, வேரெல்லாம் கரையைக் கட்டிப் பிடிச்ச பிறகுதான் ஒரே ஆறா வளைஞ்சு நெளிஞ்சு அடங்கும்.

— சூடு வந்த உடனேயா?

— எங்க? நூத்துக்கணக்குல வருஷம் இழுத்தடிக்கும். சில ஆறு ஆயிரக்கணக்குல.

— நம்ம குடும்பம் மாதிரின்னு சொல்லு. சொன்னா உடனே காதுல ஏறாது.

— கேளுண்ணா. பல ஆத்துல கீழ கல்லு இருக்கும், மேல வண்டல் இருக்கும். இந்த அஞ்சாவது குழாய்ல மட்டும் வண்டல் கீழ, கல்லு மேல. அதனால, அடங்கின ஆறு மறுபடியும் கிளை பிரிஞ்சுதுன்னு எழுதினேன். யாரும் சொல்லாததைச் சொல்லிட்டேன்னு கை தட்டினாங்க. இந்த ஒரு மீட்டர் மண்ணை வெச்சு ஆறு வருஷம் தலை நிமிர்ந்து நடந்திருக்கேன். திருப்பி வெச்சா ஒண்ணுமே இல்ல. பத்தோட பதினொண்ணா ஒரு ஆறு.

— இதை யாரு பாத்தா? நீயும் நானும். பேசாம மூடி அலமாரியில வெச்சிடு.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றியா? என்கிட்ட படிக்கிற ரெண்டு பொண்ணுங்க இதை நம்பித்தான் அடுத்த ஆராய்ச்சி பண்றாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டுரையை வாபஸ் வாங்கிக் கடிதம் அனுப்பப் போறேன்.

— வேலைக்கு ஏதாவது...

— வேலை போகாது. பேர் போகும். அது பரவால்ல, அழுது முடிச்சுட்டேன். கடிதத்துல தப்பு எப்படி நடந்துச்சுன்னு எழுதணும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

— என் மேல போடு. துளை போட்டவன் கவனக்குறைவுன்னு எழுது. யானைக்கும் அடி சறுக்கும்.

— உன் கையில ஒரு மூடிகூட மாறினது இல்ல. இது மட்டும் எப்படி மாறிச்சு?

— வெயில்... காலையிலேர்ந்து பச்சத் தண்ணிகூட...

— மென்னு முழுங்காதண்ணா.

— ...அது என்ன நாள்னு ஞாபகம் இருக்கா உனக்கு?

— அப்பா போன நாள்.

— ம்.

— மூணு மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சுன்னு சொன்னே. கடைசிக் குழாயை வண்டியில ஏத்தின கையோட கிளம்பினோம். போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

— மூணு மணிக்கு இல்ல பாப்பா. பன்னெண்டு மணிக்கே வந்துச்சு. உன் அண்ணிதான் பண்ணினா. "மாமா உங்க ரெண்டு பேரையும் கேட்டுக்கிட்டே இருக்கார், உடனே வாங்க"ன்னா. எப்பவும் குழாயை எடுத்த கையோட மூடி போட்டுடுவேன். அன்னைக்குத் தரையில அப்படியே போட்டுட்டு, லாரிக்குப் பின்னால போய் நின்னு பேசினேன்.

— ...ஏண்ணா சொல்லல?

— எப்படிச் சொல்றது? ஆத்தங்கரையில தோண்டுற அனுமதி அன்னைக்குச் சாயங்காலத்தோட முடியுது. அதுக்கு நீ மூணு வருஷம் நாயா அலைஞ்சே. சொன்னா எல்லாத்தையும் போட்டது போட்டபடி ஓடுவே. இன்னும் ரெண்டு குழாய்தானே, அப்பா தாங்குவார்னு நினைச்சேன். திரும்பி வந்தா அஞ்சாவது குழாய் கீழ கிடக்கு. கண்ணை மறைக்குது... எது தலை, எது கால்னு தெரியல. கைக்கு வந்த பக்கம் சிவப்பை வெச்சு அழுத்திட்டேன். உன் அண்ணிகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன், உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு. அப்பாவைக் கடைசியா ஒரு தடவை உன்னைப் பாக்க விடாமப் பண்ணின பாவி நான். ஆறு வருஷமா உன் முகத்தைப் பாக்கும்போதெல்லாம்... திட்டிடு பாப்பா. ரெண்டு அடிகூட அடிச்சிடு. இப்படி உம்முனு உக்காந்திருக்காத.

— நீ லாரிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசினே. நான் இந்தப் பக்கம் கை கழுவிக்கிட்டு இருந்தேண்ணா. ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. நீ வந்து சொல்லிடுவியோன்னு பயந்துகிட்டே நின்னேன். நீ சொல்லல... எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அடுத்த காலிக் குழாயை எடுத்து நானே உன் கையில குடுத்தேன்.