நான்காவது பெயர்

பயிற்சிக்குப் போன முதல் நாள் எனக்குக் கொடுத்த பாதுகாப்புக் காலணி ஒரு சைஸ் பெரியது. மாற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ரப்பர் பிரிவில் வேலை செய்த ஓர் அக்காதான் அதைக் கவனித்து, மெஷின் துடைக்கிற துணியில் நல்லதாக இரண்டு எடுத்துச் சுருட்டிக் கொடுத்தார். "முன்னாடி வச்சுக்கோங்க தம்பி. எத்தனை நாளைக்கு இப்படிக் குதிரை மாதிரி சத்தம் போட்டு நடப்பீங்க?" என்றார்.

நீங்கள் அவருடைய வழக்கறிஞர் என்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

பொறியியல் படிப்பு முடித்து, ஓராண்டுத் தொழிற்பயிற்சிக்காக அங்கே சேர்ந்தேன். பெரிய நிறுவனம். வாகனங்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் பிரிவு. ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று, யார் எதற்கு எத்தனை நொடி எடுக்கிறார்கள் என்று குறிப்பது என் வேலை. யாருக்குத்தான் பிடிக்கும்? எனக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்தார்கள். "கடிகாரம் வந்தாச்சு, எல்லாரும் கொஞ்சம் வேகமா மூச்சு விடுங்கடி" என்பாள் அங்கிருந்த நெட்டைப் பெண். அக்காவும் சிரிப்பார். சிரித்துவிட்டு, நான் உட்கார ஒரு ஸ்டூலை நகர்த்திப் போடுவார்.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம் கேன்டீனில் அவரும் நானும் எதிரெதிரே இருந்தோம். மகனின் பரீட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதிச் சொல்லில் நின்றுவிட்டார். பார்வை சுவரில் நிலைத்திருந்தது. டீ சரிந்து மடியில் கொட்டியது, அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டார்.

"சின்ன வயசுல இருந்தே வலிப்பு தம்பி. மாத்திரை போடறேன். இருந்தாலும் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வந்துடும். சில சமயம் விழுந்துடுவேன். வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுக்கல. எழுதியிருந்தா யார் எடுப்பாங்க? வீட்ல நான் ஒருத்திதான். இது நமக்குள்ள இருக்கட்டும்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா" என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.

எட்டாம் மாதம் மேலாளர் கூப்பிட்டார். "ரெண்டு டிரெய்னி இருக்கீங்க. ஒருத்தரைத்தான் நிரந்தரமா எடுக்க முடியும். இத்தனை மாசத்துல நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க?"

நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். சூடான பிரஸ் மெஷினில் நான்கு பெண்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக மாறி மாறி நிற்க வேண்டும் என்பது விதி. உண்மையில் மூன்று பேர்தான் நின்றார்கள். அக்கா எப்போதும் ஓரமாகப் பரிசோதனை மேசையில் இருப்பார். அவருடைய முறையையும் மற்ற மூவரே பங்கிட்டுக்கொண்டார்கள். அதனால் களைத்துப்போய் கடைசி நேரத்தில் வேகம் குறைந்தது. நான்கு பேரும் நின்றால் உற்பத்தி ஆறு சதவீதம் கூடும் என்று அறிக்கை எழுதினேன். அக்கா ஏன் நிற்பதில்லை என்பதை எழுதவில்லை. எழுதினால் கொடுத்த வாக்கை மீறியதாகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த மெஷின் இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் இறங்கும். ஆகவே மயக்கம் வந்தாலும் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழ்த்தட்டு எப்போதும் நூற்றெண்பது டிகிரியில் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தினமும் அதைக் குறித்து வைத்தவனே நான்தான்.

அறிக்கை வாசித்தபோது கை தட்டினார்கள். அடுத்த வாரமே புதிய முறை வந்தது. அதன்பின் ரப்பர் பிரிவில் யாரும் என்னைக் கடிகாரம் என்று கூப்பிடவில்லை. நெட்டைப் பெண் மட்டும் ஒருநாள் வழியில் நிறுத்தி, "உங்களுக்கு விஷயம் தெரியும்ல?" என்றாள்.

"என்ன விஷயம்?" என்றேன்.

அவள் போய்விட்டாள்.

புதிய முறை வந்த பதினோராம் நாள், காலை பதினொன்றரை மணி. அக்கா ரப்பர் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே முன்னால் சாய்ந்தார். மெஷின் இறங்கவில்லை. அந்த அளவுக்கு என் கணக்கு சரி. இரண்டு முன்கைகளும் இடது கன்னமும் தட்டில் இருந்தன. ஓடிவந்து தூக்க ஒன்பது நொடி ஆனது. வாட்ச் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து விசாரணை. பேசுவதைக் குறித்துக்கொள்ள என்னை உட்கார வைத்தார்கள். நோய் இருப்பது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். மூன்று பெண்களும் தரையைப் பார்த்தார்கள். அக்கா, கட்டுப் போட்ட முகத்தோடு, என்னைப் பார்த்தார். பிறகு, "யாருக்கும் தெரியாதுங்க. நான்தான் மறைச்சேன்" என்றார். நான் அதை எழுதிக்கொண்டேன். நோயை மறைத்ததாகச் சொல்லி அவரை இழப்பீடு இல்லாமல் நீக்கினார்கள். என்னை நிரந்தரமாக்கினார்கள்.

ஏழு வருடமாகிறது. போன மாதம் அவர் ஏதோ பழைய சான்றிதழ் கேட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். காவலாளி போன் செய்து, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களாமே சார்" என்றார். கேமராத் திரையில் கன்னம் தெரிந்தது. யாரென்று தெரியவில்லை, அலுவலகத்துக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் திரும்பிப் போகும்வரை அறையை விட்டு வெளியே வரவில்லை.

நீங்கள் கொண்டுவந்த கேள்வித் தாளில் இல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. நானே சொல்லிவிடுகிறேன்.

புதிய முறை வந்த முதல் நாள், பிரஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால் அவர் என் மேசைக்கு வந்தார். "தம்பி, என் பேரை மட்டும் எடுத்துடுங்க. கை வலின்னு ஏதாவது சொல்லிக்கலாம்" என்றார்.

"பட்டியல் மேல இருந்து வருதுக்கா. என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் நம்பினார். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டு போனார்.

பட்டியல் என் கணினியில் இருந்தது. நான்கு பெயர்களையும் அடித்தது நான். யாருக்காவது முடியவில்லையென்றால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று மேலாளர் சொல்லியும் இருந்தார். ஒரு பெயரை எடுக்க அரை நிமிடம் போதும். எடுத்தால் மறுபடி மூன்று பேர்தான். என் அறிக்கையில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. அதனால் எடுக்கவில்லை.