ஆறு விரல் கார்ட்

...ஆறு விரல் வேணும் சார், ஆறு! எங்கிட்ட இருக்கறது அஞ்சு. அதுலயும் கட்டவிரல் கிட்டாருக்குப் பின்னாடி போயிடுது. மிச்சம் நாலு. நாலு விரல வச்சுக்கிட்டு ஆறு எடத்துல எப்படி அமுக்குறது, நீங்களே சொல்லுங்க... ஐயோ, சொல்லாதீங்க, வாய மூடாதீங்க! இன்னும் கொஞ்சம் தொறங்க... ஆங், அப்படித்தான். நாக்க அந்தப் பக்கம் வச்சுக்குங்க. மரத்துப்போச்சுல்ல? தட்டுறேன் பாருங்க. தெரியலையா? நல்லது.

அடேயப்பா, கடவாப்பல்லுல இவ்வளவு பெரிய குழியா! ஒரு குடும்பமே வாடகைக்கு இருக்கலாம். வேர் வரைக்கும் போகல, தப்பிச்சீங்க. சுத்தம் பண்ணி அடைச்சுடலாம். ஃபைல்ல பள்ளிக்கூட வாத்தியார்னு போட்டிருக்கு. அப்ப தெனமும் நீங்க பேசி நாப்பது பேர் வாயத் தொறந்துட்டுக் கேப்பாங்க. இன்னிக்கு ஒருநாள் மாத்திக்குவோமே.

ஜாஸ் கேட்டிருக்கீங்களா? தலைய ஆட்டாதீங்க சார், ட்ரில் உள்ள இருக்கு!

இந்த ட்ரில் சும்மா சுத்தறப்ப ஒரு சுருதி, பல்லுல பட்டதும் கொஞ்சம் எறங்கும்... கேக்குதா? ஈஈஈ... இப்ப ஊஊ... இருபத்தெட்டு வருஷமா இது எனக்கு வெறும் சத்தம். இப்ப சுருதியா கேக்குது. ஐம்பத்திரண்டு வயசுல இப்படி ஒரு வியாதி!

எல்லாத்துக்கும் எங்க வீட்டுக்காரர்தான் காரணம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவரு லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஹோட்டல்ல லிஃப்ட் நின்னுபோச்சு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்னு என்னையும் கூட்டிட்டுப் போயி வரவேற்புல உக்கார வச்சாரு. பத்து நிமிஷம் ரெண்டு மணி நேரமாச்சு. அங்க ஒரு மூலையில ஒருத்தர் கிட்டார் வாசிச்சுட்டு இருந்தாரு. யாரும் கேக்கல, எல்லாரும் போன் பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு மட்டும் என்னமோ... உக்காந்திருக்க முடியல சார். நேரா போயி, எனக்குச் சொல்லித் தருவீங்களான்னு கேட்டுட்டேன். பகல்ல அவருக்குக் காது கேக்குற மெஷின் பொருத்துற வேலையாம். நான் வாய், அவரு காது. பொருத்தம் நல்லாத்தான் இருந்துச்சு.

கொப்புளிச்சுத் துப்புங்க... போதும், போதும். சாஞ்சுக்குங்க.

ஒரு வருஷம் ஒழுங்கா சொல்லிக் குடுத்தாரு. அப்புறம் ஒருநாள், புத்தகத்த மூடுங்க டாக்டர்னாரு. ஒரு பழைய ரெக்கார்ட என் போன்ல ஏத்திக் குடுத்தாரு. வாசிச்சவரு ஜாஸ் கிட்டார்ல பெரிய மேதையாம், செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. "இந்த ஒரு பாட்ட எடுத்துக்குங்க. அவரு என்ன கார்ட் புடிக்கிறாருன்னு காதால கேட்டு ஒண்ணொண்ணா எழுதிக்கிட்டு வாங்க. ஸ்வரமெல்லாம் எப்படி ஒண்ணோட ஒண்ணு சேருது, அதான் ஹார்மனி, தானா வெளங்கும்"னாரு. கார்ட்னா வேற ஒண்ணுமில்ல சார், மூணு நாலு ஸ்வரத்த ஒரே நேரத்துல சேத்து அடிக்கிறது. இது என்ன பெரிய விஷயம்? ரெண்டு ஞாயித்துக்கிழமையில முடிச்சுடலாம்னு நெனச்சேன்.

நாலு மாசம்!

போன்ல பாதி வேகத்துல போட்டுக் கேக்குறது, எக்ஸ்ரே கவர் பின்பக்கம் எழுதுறது, அடிக்கிறது, மறுபடி போடுறது. டொய்ங்... அடி. டொய்ங்... எழுது. பாதி வேகத்துல போட்டா அந்த மேதை வயித்துவலியில மொனகுற மாதிரி இருக்கும். வீட்டுல மனுஷன் எப்படி இருப்பாரு? ஆனா எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்த சொல்லல. சொல்லமாட்டாரு. ஒரு நாளைக்கு மொத்தமே இருபது வார்த்ததான் பேசுவாரு, அதுல பன்னெண்டு லிஃப்ட்டுகிட்ட.

ஒரே ஒரு கார்ட்தான் சார் உயிர வாங்குச்சு. அடியில ஒரு ஸ்வரம் தும்முனு கேக்குது, மேல மூணு கேக்குது, நடுவுல வேற ரெண்டு. ஒரு விரல் இங்க, இன்னொரு விரல் கிட்டார் கழுத்துல எட்டுக் கட்டம் தள்ளி அங்க! ஆனா ரெக்கார்டுல தெளிவா கேக்குதே. அந்த மேதைக்குக் கை அவ்வளவு பெரிசோன்னு நெனச்சேன். படத்துல பாத்தா சாதாரணக் கைதான்.

இப்ப ஃபில்லிங் வைக்கிறேன். எச்சில் படக்கூடாது, ஆடாம இருங்க.

அப்பத்தான் ஒருநாள் சாயங்காலம், இவரு சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டே, "ரெண்டு பேரு"ன்னாரு. என்னங்கன்னேன். "வாசிக்கிறது ரெண்டு பேரு." அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! நாலு மாசமா காதத் தீட்டிட்டு உக்காந்திருக்கேன், இவரு இஸ்திரி போட்டுட்டே கண்டுபுடிச்சுட்டாராம். "லிஃப்ட்டுக்கு எண்ணெ போடுறவருக்கு சங்கீதத்தப் பத்தி என்ன தெரியும்?"னு கேட்டுட்டேன்.

...ஆமா சார். கேட்டுட்டேன். நீங்க கண்ண அப்படிப் பெரிசாக்காதீங்க, எனக்கே தெரியும்.

அவரு இஸ்திரிப் பெட்டிய அணைச்சாரு. சட்டைய மடிச்சாரு. போயிட்டாரு. பத்தொம்பது நாள் பேசல. அந்த இருபது வார்த்தையும் போச்சு.

நான் விடுவேனா? வீம்பு! அந்தக் கார்ட்ட புடிச்சுக் காட்டியே தீருவேன்னு தெனமும் ரெண்டு மணி நேரம் எடது கைய இழுத்து இழுத்து... ஒருநாள் மணிக்கட்டுல சுளீர்னுச்சு. காலையில பூசணிக்கா மாதிரி வீங்கிப்போச்சு. வாய்க்குள்ள கண்ணாடி புடிக்கிற கை சார் இது! இந்தக் கை இல்லன்னா நான் பல்லு டாக்டரே இல்ல. எலும்பு டாக்டர் கட்டுப் போட்டுட்டு, "என்னம்மா தூக்குனீங்க?"ன்னாரு. என்னன்னு சொல்றது? ஒரு கார்ட்ட தூக்குனேன்னா?

ரெண்டு வாரம் கட்டோட கெடந்தேன். இவரு பேசல. ஆனா வேளா வேளைக்கு அட்டையிலேர்ந்து மாத்திரையப் பிதுக்கி, தண்ணியும் பக்கத்துல வச்சுட்டுப் போவாரு. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் சார். அந்த மாத்திரையப் பாக்குறப்பெல்லாம் அழுகையா வரும்.

நீல லைட் அடிக்கிறேன், இருபது செகண்ட். கண்ண மூடிக்குங்க. ...கண்ண மூடிட்டீங்கல்ல? அப்ப ஒண்ணு சொல்லிடறேன். உங்களுக்கு ரெண்டு தடவ அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போச்சே... டாக்டர் கருத்தரங்குக்குப் போயிருக்காங்கன்னு வெளிய சொன்னாங்கல்ல... கருத்தரங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். வீட்டுல கட்டோட உக்காந்திருந்தேன். உங்க பல்லு மூணு வாரம் வலிச்சதுக்கு அந்த மேதையும் காரணமில்ல, எங்க வீட்டுக்காரரும் காரணமில்ல. நான்தான்.

என்ன சத்தம் அது? வலியா? கோவமா? கோவம்னா சரிதான், நியாயம். கடிச்சுப் பாருங்க. இன்னொரு தடவ. ஒசரமா இல்லையே? மறுபடி தொறங்க, பாலிஷ் போட்டுடறேன். பயப்படாதீங்க, கை சரியாயி ஒரு வாரம் ஆச்சு. இன்னிக்கு மட்டும் நீங்க ஆறாவது ஆளு.

கட்டோடயே கிட்டார் வாத்தியார்கிட்ட போனேன் சார். எழுதுனத நீட்டுனேன். பாத்தாரு. என் கையப் பாத்தாரு. திரும்பப் பேப்பரப் பாத்தாரு. சிரிக்கல, பாவம், சிரிப்ப முழுங்குனாரு. ஒரு ஹெட்போன எடுத்து என் காதுல மாட்டி, பாட்டப் போட்டு, வலது காதுல இருந்தத மட்டும் எடுத்துட்டாரு. அந்தக் காலத்து ரெக்கார்டாம், ஒரு காதுல ஒருத்தர், இன்னொரு காதுல இன்னொருத்தர். அடியில இருந்த தும்... காணோம்! நடுவுல இருந்த ரெண்டும் காணோம்! அதெல்லாம் ஆளு ஒசரத்துக்கு ஒரு வாத்தியத்த நிக்க வச்சு வாசிப்பாங்களே, அந்த பேஸ்காரர் ஒண்ணொண்ணா அடுத்தடுத்து வாசிச்சது. நான் அதையும் சேத்து கிட்டார்காரர் தலையில கட்டியிருக்கேன். போன் ஸ்பீக்கர்ல எல்லாம் ஒண்ணாக் கொழஞ்சு வந்திருக்கு.

மிச்சம் மூணே மூணு ஸ்வரம் சார். மூணு! ஒண்ணு, இது சந்தோஷமா துக்கமான்னு சொல்லும். ஒண்ணு, அடுத்த கார்ட்டுக்குக் கையப் புடிச்சு இழுக்கும். இன்னொண்ணு சும்மா, ஒரு வாசனைக்கு. அடி ஸ்வரத்த அந்த மேதை தொடவே இல்ல. "அத பேஸ்காரரு பாத்துக்குவாருன்னு விட்டுட்டாரு, டாக்டர். இதுதான் நீங்க எழுதிக்கிட்டு வரணும்னு நான் நெனச்சது"ன்னாரு வாத்தியார்.

வீட்டுக்குப் போறேன், இவரு சாப்புட்டுட்டு இருக்காரு. எதுத்தாப்புல உக்காந்தேன். தொண்டையச் செருமிட்டு, "ரெண்டு பேருதான்"ன்னேன். மன்னிப்பெல்லாம் எனக்கு ஒழுங்கா கேக்க வராது சார், அதுதான் என்னோட மன்னிப்பு. நிமிந்து பாத்தாரு. பத்தொம்பது நாள் கழிச்சு மொத வார்த்த வருது...

"மூணு"ன்னாரு.

"பின்னாடி ஒருத்தரு துடைப்பம் மாதிரி ஒண்ண வச்சு மெதுவா தேய்க்கிறாரு. ட்ரம்மு."

போய்க் கேட்டேன். இருக்காரு சார்! நாலு மாசமா அது ரெக்கார்டோட கீறல்னு நெனச்சுட்டு இருந்தேன்! எப்படிங்க கேட்டீங்கன்னேன். லிஃப்ட்டுக்குள்ள கண்ண மூடிட்டு நின்னு, மோட்டார் சத்தம் எது, கம்பி சத்தம் எது, சக்கரம் எதுன்னு பிரிச்சுக் கேக்கறதுதானாம் அவரு வேலையே. இருபத்தாறு வருஷம் கூட இருந்திருக்கேன், ஒருநாள்கூட கேட்டதில்ல. கேக்குறதுக்கு நான் பேச்ச நிறுத்தினாத்தான?

கட்டு அவுத்த அன்னிக்கு அந்த மூணு ஸ்வரத்த மட்டும் வாசிச்சேன். வலியே இல்ல. இவரு பாத்திரம் கழுவிட்டு இருந்தாரு. அங்கேருந்து தும்... தும்...னு அடி ஸ்வரத்த மொனகுறாரு! சரியான எடத்துல, சரியான சுருதியில! நான் திரும்பிப் பாக்கல சார். பாத்தா நிறுத்திடுவாரோன்னு பயம். பாட்டு முடியிற வரைக்கும் கார்ட்டுக்கு மூணே மூணு ஸ்வரம்தான் வாசிச்சேன், அவருக்கு எடம் விட்டு.

என்ன சார்? ஆங்? பல்லா?

பல்லு அப்பவே முடிஞ்சுருச்சே! பாலிஷ் போட்டுப் பத்து நிமிஷம் இருக்கும். நீங்க வாயத் தொறந்துட்டே இருந்தீங்க, கத நல்லாயிருக்கு போலன்னு நெனச்சேன்... ரெண்டு மணி நேரத்துக்கு சூடா எதுவும் வேணாம்... சார், இன்னும் ஒண்ணு, அந்தப் பாட்டுல ரெண்டாவது கார்ட் இருக்கே... சார்? அது வாசல் இல்ல சார், எக்ஸ்ரே ரூம்!