உயிரோடிருந்த பிள்ளைக்கு அடித்த துக்க மணி

காற்றும் கடலும் கைகட்டிக் கேட்கும் இந்தக் கரையோரத்து அவைக்குக் கம்பீரமாய்த் தலைமை தாங்கும் வாசிகசாலைத் தலைவர் எமில்ராஜ் அவர்களே! இந்த மக்களின் இன்பத்திலும் இடுக்கணிலும் இறங்கி நின்று இறைவார்த்தை உரைக்கும் அடிகளார் அவர்களே! அலையோடு கதைத்துக் கதைத்தே குரல் கனத்துப்போன பெரியவர்களே! விடியமுன் அடுப்பு மூட்டி, விடிந்தபின் சந்தைக்கு ஓடி, பொழுதுபட்ட பின்னும் ஓயாத என் தாய்மாரே! முன்வரிசையில் இருந்துகொண்டு முகத்தை மட்டும் கைபேசிக்குள் வைத்திருக்கும் முத்தான இளையவர்களே! இணுவில் மண்ணிலே வெங்காயம் நடுகிற இந்தத் தோட்டக்காரன் சுபாஸ்கரனின் வணக்கம் உங்கள் ஒவ்வொருவரையும் வந்து சேரட்டும்.

தலைவர் என்னைச் சொல்லேருழவர் என்று அறிமுகம் செய்தார். என் மனைவி கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். என்னைப் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒன்று கோயில் திருவிழா, மற்றது செத்தவீடு. செத்தவர்களைப் புகழ்ந்து புகழ்ந்தே எனக்கு வயது போய்விட்டது. இருக்கிறவர்களைப் புகழ யாராவது என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்களா? இல்லையே!

இன்றைக்கு ‘இளையோரும் இணையமும்’ என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறீர்கள். அழகான தலைப்பு. ஆனால் மன்னியுங்கள், நான் அதைத் தொடப் போவதில்லை. நான் ஒரு பிள்ளையைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சை தொடங்குகிறது. இந்தக் கரையிலே ஒரு பிள்ளை அதை எழுத மாட்டேன் என்கிறான். கனிசியஸ் அண்ணைக்கும் லூர்த்தம்மா அக்காவுக்கும் ஒரே மகன், ஜெரிசன். அவன் கதையைச் சொல்லலாமா என்று தாய் தகப்பனைக் கேட்டேன், சம்மதித்தார்கள். பிள்ளையையும் கேட்டேன். "சொல்லுங்கோ ஐயா, எனக்கென்ன" என்றான். அந்த ‘எனக்கென்ன’ இருக்கிறதே, அதைக் கேட்ட நாளிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை.

கனிசியஸ் அண்ணையின் வள்ளம் விடியப்புறம் கரைக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். வலையில் சிக்கிய மீனையும் நண்டையும் பொறுமையாகக் கழற்ற வேண்டும். பிள்ளை அந்த வேலையை முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிள் மிதித்துப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் போவான். போய் வகுப்பில் வாங்குப் பலகையில் இருந்தால் முதலாம் பாடத்திலேயே கண் சொருகிவிடும். உழைத்த உடம்பு உறங்கத்தானே செய்யும்? அது ஒரு குற்றமா? அது ஒரு கேவலமா?

வாய் திறந்தபடி அவன் தூங்குவதை ஒருவன் படம் எடுத்தான். இன்னொருவன் அதை வட்ஸ்அப்பில் ஸ்டிக்கராக்கினான். வகுப்புக் குழுவில் காலை வணக்கம் சொல்லவும் அந்தப் படம், இரவு வணக்கம் சொல்லவும் அந்தப் படம். அடுத்து ஒரு பட்டப்பெயர் வந்தது. ‘சவம்.’ பள்ளிக்கூட வாசலில் "சவம் வருது", விளையாட்டு மைதானத்தில் "சவத்துக்குப் பந்தைக் குடுக்காதை". ஒரு நாள் ஆசிரியர் ஒருவரே, "அந்தச் சவத்தை ஒருக்கால் தட்டி எழுப்புங்கோடா" என்று சொல்ல, வகுப்பே கொல்லென்று சிரித்ததாம். சபையோரே, பிள்ளைகள் சிரித்ததை நான் பொறுப்பேன். பெரியவர் சிரிப்பு மூட்டினாரே, அதை எப்படிப் பொறுப்பேன்?

என்ன தம்பி பின்னாலே? "பட்டம் தெளிக்கிறது எல்லாப் பள்ளிக்கூடத்திலையும் நடக்கிறதுதானே" என்கிறாயா? ஓம், நடக்கிறதுதான். எனக்கும் பட்டப்பெயர் இருந்தது, மேடையில் சொல்ல மாட்டேன், இவ்வளவு பெண்கள் இருக்கிறார்கள்! ஆனால் என் பட்டப்பெயர் பள்ளிக்கூட மணி அடித்ததும் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிடும். என்னோடு சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வராது. நான் சோறு தின்னும்போது என் பக்கத்தில் கிடந்து கிணுகிணுக்காது. இந்தப் பிள்ளைக்கு அந்த விடுதலை இல்லையே தம்பி, அந்த விடுதலை இல்லையே!

இப்போது துக்க மணி அடித்த அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பரீட்சைக்காகப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்தார்களல்லவா? வெள்ளைச் சட்டை, வாரிய தலை, சிரிப்பில்லாத முகம். ஜெரிசனின் அந்தப் படம் ஒரு வகுப்புத் தோழன் கையில் கிடைத்தது. கெட்டிக்காரப் பிள்ளை, கைபேசியில் எதையும் வடிவாகச் செய்வான். அவன் ஒரு கண்ணீர் அஞ்சலி அட்டை செய்தான். நாலு பக்கமும் பூ, கீழே இரண்டு மெழுகுதிரி, நடுவிலே அந்தப் படம். "யாழ்ப்பாணக் கரையைப் பிறப்பிடமாகவும், பதினோராம் வகுப்பின் கடைசி வாங்கை வதிவிடமாகவும் கொண்ட ஜெரிசன் அவர்கள் கணித பாடத்தின்போது காலமானார்" என்று எழுதி வகுப்புக் குழுவில் விட்டான்.

"ஆர் செய்தது? பேரைச் சொல்லுங்கோ அண்ணை!" என்று அங்கே ஒரு குரல் கேட்கிறது. சொல்ல மாட்டேன் ஐயா. பெயர் சொல்லி ஒருவனை நாலு பேர் நடுவில் நிறுத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது, எனக்கும் தெரியும். அந்தச் சுகத்தால் வந்த வினையைத்தானே இங்கே கதைத்துக்கொண்டிருக்கிறோம்? அந்தப் பிள்ளையிடம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "பகிடிக்குத்தான் போட்டனான் ஐயா, இப்பிடி வருமெண்டு தெரியாது" என்றான். மெய்யாகவே அவனுக்குத் தெரியாது.

வகுப்புக் குழுவில் சிரித்தார்கள். அங்கிருந்து ஒரு தமையனின் கைபேசிக்குப் போனது. அங்கிருந்து இந்தக் கரைச் சனம் வெளிநாடுகளில் வைத்திருக்கும் குழுவுக்குப் போனது. பாரிஸிலே பார்த்தார்கள், ரொறன்ரோவிலே பார்த்தார்கள், பார்த்தவர்கள் எல்லோரும் கைகூப்பினார்கள். கண்ணீர் வடித்தார்கள். "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார்கள். கடைசி வாங்கு வதிவிடம் என்று அதிலே எழுதியிருக்கிறதே, ஒருவர்கூடக் காணவில்லையா? காணவில்லை! வாசித்திருந்தால் ஒன்று சிரித்திருப்பார்கள், அல்லது சினந்திருப்பார்கள். யாரும் வாசிக்கவில்லை. படத்தைப் பார்த்தார்கள், பூவைப் பார்த்தார்கள், அடுத்தவருக்கு அனுப்பினார்கள்.

பாரிஸிலிருந்து ஒரு பெண் இங்கே கோயிலில் மணி அடிக்கும் பெரியவருக்குத் தொலைபேசி எடுத்து, "கனிசியஸ் அண்ணையின்ரை பொடியன் செத்துப்போனான், இன்னும் மணி அடிக்கேல்லையோ?" என்று அழுதாள். அடுத்த ஒழுங்கையில் நடந்ததைப் பாரிஸ் சொல்லி அறிகிற காலமல்லவா இது! பெரியவர் கயிற்றைப் பிடித்தார். வீட்டில் ஒரு சொல் கேட்டிருக்கக் கூடாதா என்று பிறகு நான் கேட்டேன். அவர் அழுதுகொண்டே, "செத்தவீட்டுக்குப் போன் எடுத்து, உங்கடை பிள்ளை செத்தது மெய்தானோ எண்டு ஆர் தம்பி கேக்கிறது? அது மரியாதையோ?" என்றார். நம்முடைய மரியாதை நமக்கே குழி பறித்த நாள் அது.

துக்க மணி அடித்தது. சனம் திரண்டது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஜெரிசன் வீட்டுப் படலையைத் திறந்து நுழைந்தார்கள். செத்தவீட்டில் அடுப்பு எரியாதென்று ஒருத்தி தேத்தண்ணிப் பானையோடு போனாள். லூர்த்தம்மா அக்கா சந்தையில் நின்றாள். கனிசியஸ் அண்ணை காலை மீனை விற்றுவிட்டு மறுபடி வலை பார்க்கக் கடலில் நின்றார். விடியப்புறம் வேலை செய்த பிள்ளை விறாந்தையில் பாய் போட்டு நல்ல நித்திரை. பெண்கள் கண்டது என்ன? பாயிலே கிடக்கிற பிள்ளை! "ஐயோ என்ரை ராசா" என்று அவன் மேலே விழுந்து புலம்பினார்கள். திடுக்கிட்டு எழும்பினான் ஜெரிசன். கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிவரப் பார்த்து, "ஆரக்கா செத்தது?" என்று கேட்டான்.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "நீதானடா தம்பி."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் அந்த இடத்தில் முதலில் சிரித்தவன்தான். இரங்கல் உரைக்கு வரச் சொல்லி எனக்கும் அழைப்பு வந்து, மாலையோடு மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கி, பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று கேட்டுச் சிரித்தேன். ஆனால் கடலிலே ஒரு தகப்பன் நின்றாரே, அவரை அந்த நேரம் யார் நினைத்தோம்?

ஊரில் சாவு விழுந்தால் தொழிலுக்குப் போன வள்ளமும் திரும்பிவிடும். அதுதானே உங்கள் கரையின் வழக்கம்? மணி கேட்டதும் கனிசியஸ் அண்ணை நெற்றியில் சிலுவை போட்டு, ஆரோ ஒரு ஆத்துமாவுக்காகச் செபம் சொல்லி, வலையை விட்டுவிட்டு வள்ளத்தைத் திருப்பினாராம். பக்கத்து வள்ளத்தில் வந்தவரின் கைபேசியில் அந்தப் படம் இருந்தது. சொல்ல மனமில்லாமல் அவர் கைபேசியை நீட்டினார். வள்ளம் கரை தட்டும் வரைக்கும் கனிசியஸ் அண்ணை பொறுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் குதித்தார். விழுந்தார், எழும்பினார், ஓடினார். அந்த ஓட்டத்தை நான் கண்ணால் கண்டேன். பெற்றவர்களே, பகைவனுக்கும் அப்படி ஓர் ஓட்டம் வேண்டாம்.

முற்றத்துக்கு வந்தார். மகன் நிற்கிறான். ஈரக் கையால் அவன் முகத்தைத் தடவினார், கழுத்தைத் தொட்டார், நெஞ்சில் கை வைத்தார். அப்படியே மண்ணில் இருந்துவிட்டார். "ஏன் ராசா, பள்ளிக்கூடத்திலை உன்னோடை ஆரும் கோபமோ?" என்று மெல்லக் கேட்டார்.

"கோபம் இல்லை அப்பா. அவங்களுக்கு நான் எப்பவும் சவம்தான். அதுதான் என்ரை பேர்."

"எப்ப தொட்டு?"

"ஒன்பதாம் வகுப்புத் தொட்டு."

"ஏனப்பு எங்களுக்குச் சொல்லேல்லை?"

"என்னண்டு சொல்லுறது? பிறகு நீங்கள் என்னை வலை கழட்ட விடமாட்டியள்."

அந்த முற்றம் நிறையச் சனம். பிள்ளை எங்கள் எல்லோரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தான். பார்த்துவிட்டு, "நான் செத்துப்போனன் எண்டோடனை எவ்வளவு சனம் வந்திருக்குது பாருங்கோ அப்பா. இருக்கேக்கை ஒருத்தரும் இந்தப் படலை திறந்து வரேல்லை" என்று சொல்லி உள்ளே போய்விட்டான்.

சபையோரே! அந்தத் துக்க மணியை அடித்தது யார்? கயிற்றை இழுத்தது ஒரு முதியவரின் கை. ஆனால் அந்த ஒரு கையா இழுத்தது? தூங்கிய முகத்தைப் படம் பிடித்த கை இழுத்தது. ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்தவனுக்கு அனுப்பிய கை இழுத்தது. பிழையென்று தெரிந்தும், அடுத்ததாகத் தன்னைப் பிடிப்பார்கள் என்று பயந்து பேசாமல் இருந்த நல்ல பிள்ளையின் கை இழுத்தது. பகிடி சொன்ன ஆசிரியரின் கை இழுத்தது. வாசிக்காமலே கைகூப்பினோமே, அத்தனை பேரின் கையும் சேர்ந்து இழுத்தது! ஒரு நாளில் அடித்த மணியா அது? ஒன்பதாம் வகுப்புத் தொட்டு அந்தப் பிள்ளையின் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்த மணி. நமக்குத்தான் அன்றைக்குக் கேட்டது.

இன்னொரு வேதனை கேளுங்கள். அந்தப் படத்தின் கீழே அவனைப் பற்றி எத்தனை நல்ல வார்த்தைகள்! "தங்கமான பிள்ளை." "தாய்க்கு உதவியான பிள்ளை." "காற்றைப் பார்த்தே கடலைச் சொல்லுவான்." அந்த ஆசிரியரும், "பண்பான மாணவன்" என்று எழுதியிருந்தார். அட பாவிகளே! இதில் ஒரு சொல்லை, ஒரேயொரு சொல்லை, அவன் காது கேட்க எப்போதாவது சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

மன்னிப்புக் கேட்டார்கள். அதிபர் வந்தார், ஆசிரியர் வந்தார், அந்தப் பிள்ளையும் தாயோடு வந்து அழுதான். படத்தை அழித்தும் விட்டான். அழித்தால் அழியுமா? போன கிழமையும் எங்கோ நோர்வேயிலிருந்து ஒருவர் லூர்த்தம்மா அக்காவுக்கு அனுதாபம் அனுப்பியிருக்கிறார். செத்தான் என்ற சேதியை உலகம் முழுக்கக் கொண்டுபோன கைகள், அவன் இருக்கிறான் என்ற சேதியைப் பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. அன்று தொட்டு அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. பரீட்சை அனுமதி அட்டையை அதிபரே வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். திங்கட்கிழமை தகப்பனோடு தொழிலுக்குப் போகப் போகிறானாம். "எழுதடா தம்பி" என்று நேற்றும் போய்க் கெஞ்சினேன். "செத்தவன் போய்ச் சோதினை எழுதிறதோ ஐயா?" என்றான். ஊரூராய்ப் போய் வாய் கிழியக் கதைக்கிற என் சொல் ஒன்றும் அந்தப் பிள்ளையிடம் எடுபடவில்லை.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். அவன் வகுப்புப் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை நீங்கள் சைக்கிளில் போகிற வழியில்தான் அவன் வீடு. அந்தப் படலையில் நில்லுங்கள். படம் எடுக்க வேண்டாம், அதைக் குழுவில் போடவும் வேண்டாம். "ஜெரிசன், வா போவம்" என்று அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வருவானா? எனக்குத் தெரியாது. வராவிட்டால் அடுத்த சோதினைக்கும் போய்க் கூப்பிடுங்கள். சோதினையெல்லாம் முடிந்து போனாலும், அதற்கடுத்த கிழமையும் போய்க் கூப்பிடுங்கள். அவன் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் கூப்பிடுங்கள்!

கசப்பைச் சொன்னேன், கல்லெறியாமல் கேட்டீர்கள். இடம் தந்த வாசிகசாலைக்கும், இடையிலே எழும்பிப் போகாத தாய்மாருக்கும், கைபேசியை மடியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்த இளையவர்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். வணக்கம்.