அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியம்

இன்று மட்டும் கையில் சுத்தியல் இல்லாமல் மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பேச்சுவார்த்தைக் குழுத் தலைவர் திரு. எக்லி அவர்களே! ஐஸ்லாந்திலிருந்து வந்திருக்கும், மறைந்த நம் பிர்னாவின் தங்கை ஹில்துர் அவர்களே! முன்வரிசைத் தூதர்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, கூண்டை விட்டு இறங்கி வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர்களே! உங்கள் அனைவருக்கும் அயர்லாந்துக்காரன் ஃபின்டன் ட்வோமியின் கனத்த வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் என்னை ஏன் முதலில் பேச அழைத்தார்கள்? நான் பெரிய ஆள் என்றா? இல்லை. நம் அரங்கில் பிரெஞ்சு அகரவரிசைப்படிதான் இருக்கைகள். அயர்லாந்துக்கு அடுத்தது ஐஸ்லாந்து. அதனால் பதினோரு வருடங்கள் பிர்னாவுக்குப் பக்கத்து இருக்கை எனக்கு வாய்த்தது. அதைவிடப் பெரிய பதவி எனக்கு வாய்க்கவில்லை, இனி வாய்க்கப்போவதும் இல்லை.

அம்மையார் பிர்னா கெட்டில்ஸ்டோட்டிர்! இந்த ஜெனீவாவில் உலக நாடுகளுக்கு வணிக விதிகளை எழுதியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒரே ஒரு வாக்கியத்தை அழியவிடாமல் காத்தவர் யார்? அவர் ஒருவர்தானே!

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஹில்துர் அவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வாக்கெடுப்பு கிடையாது. தலைவர் "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். ஒரே ஒரு நாடு தன் பெயர்ப்பலகையைத் தூக்கி நிறுத்தினால் போதும், முடிவை உறுதி செய்யும் சுத்தியல் விழாது. யாரும் நிறுத்தாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். அறையில் இல்லாதவருக்கும் சம்மதம்தான்.

உங்கள் அக்காவின் வாக்கியம் இதுதான்: மீன் ஏற்கெனவே அருகிப்போன கடலில் பிடிக்கப்போகும் கப்பலுக்கு எந்த அரசும் எரிபொருள் மானியம் தரக்கூடாது. அவ்வளவுதான். இதை நீக்கச் சொன்னவர்கள் பலர். கூடாது என்றவர் அவர் ஒருவர். ஆகவே அது நீங்கவும் இல்லை, நிலைக்கவும் இல்லை. வரைவில், முடிவாகாத சொற்களைப் போட்டுவைக்கும் சதுர அடைப்புக்குறிக்குள் உயிரோடு கிடந்தது.

முதல் வருடம் ஒரு நாள், கை கழுவிவிட்டு வரலாம் என்று அவர் வெளியே போனார். திரும்பி வருவதற்குள் "ஏற்கெனவே" என்ற சொல் போய்விட்டது. யாரும் சதி செய்யவில்லை. தலைவர் கேட்டார், அறை சும்மா இருந்தது, சுத்தியல் விழுந்தது. அந்த ஒரு சொல்லைத் திரும்பக் கொண்டுவர அவருக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆயிற்று. அதன் பிறகு அந்தப் பொருள் விவாதத்தில் இருக்கும்வரை அவர் அறையை விட்டு நகர்ந்ததே இல்லை. நாங்கள் ஏரியைப் பார்த்தபடி மதியச் சாப்பாடு சாப்பிடுவோம். அவர் காலி அரங்கில், கைப்பையிலிருந்து கருவாட்டை எடுத்து வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார். வாடை தாங்காமல் பின்வரிசை நாடுகள் இரண்டு இடம் மாற்றிக் கேட்டன என்பதும் வரலாறு!

நான் ஒருநாள் கேட்டேன்: "ஏம்மா, இந்த ஒத்த வரிக்கா இப்படி நாற்காலியோட ஒட்டிக் கெடக்கற?"

"உன் வேலையும் உக்காந்திருக்கறதுதானே, ஃபின்டன்? என்ன, எனக்குச் சம்பளத்தோட திட்டும் சேத்துக் கெடைக்குது."

உண்மைதான். எனக்கும் ஒரு பலகை உண்டு. ஆனால் எங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் இருபத்தேழு நாடுகளுக்கும் சேர்த்துப் பிரஸ்ஸல்ஸ்காரர் ஒருவர் பேசுவார். நாங்கள் கல்யாண வீட்டுக்கு வந்த ஒன்றுவிட்ட உறவு மாதிரி உட்கார்ந்திருப்போம். பலகையைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அவர் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வதை அரை முழ தூரத்தில் இருந்து பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

நண்பர்களே, நம் சட்ட நிபுணர்கள் அவரிடம் என்ன சொன்னார்கள்? "அம்மா, இது வணிக மன்றம். மீனைக் காப்பாத்த வேற எடம் இருக்கு, அங்க போய்ச் சொல்லுங்க." அவர் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: "அரசாங்கம் டீசலுக்குக் காசு குடுக்கலைன்னா அந்தக் கப்பல் அவ்ளோ தூரம் போகவே போகாது. அந்தக் காசை அளக்கற எடம் இதுதானே? அது வணிகம் இல்லன்னா, எதுங்க வணிகம்?" நாமோ காகிதத்தைப் புரட்டினோம்.

வெளி நடையிலோ கதையே வேறு! காப்பிக் கோப்பையோடு அவரைச் சூழ்ந்துகொள்வோம். "பிர்னா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா என் கையில என்ன இருக்கு?"

"பலகை இருக்கே!" என்பார்.

சிரித்துவிட்டுப் போவோம். சிரித்தவர்களில் பாதிப்பேர் இன்று கறுப்பு உடையில் இங்கே இருக்கிறீர்கள். இதைச் சொல்லக் கூடாதா? சொல்லத்தான் செய்வேன்.

அவருடைய தனிமை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வருவார். எதற்கு என்று கேட்டேன். "வீட்ல பேச்சுச் சத்தமே கேக்க மாட்டேங்குது. வாரம் பூரா நூத்தம்பது பேர் மறுத்துப் பேசறாங்க, ஞாயித்துக்கிழமை ஒருத்தர் கூட மறுக்க மாட்டேங்கறாங்க, என்னமோ மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு, என்னோடும் என் மனைவியோடும் ஒருமுறை சாப்பிட வரச் சொன்னேன். வந்தார். விடிய விடிய பேசுவார் என்று நினைத்தேன்; சீக்கிரமே எழுந்து, நாளை கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார்.

போன மாதம் அந்தத் திங்கட்கிழமை. பொருள் விவாதத்துக்கு வந்தது. ஐஸ்லாந்து இருக்கை காலி. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கியத்தை நீக்கிய புதிய வரைவை முன்வைத்து, தலைவர் கேட்டார், "ஆட்சேபம் உண்டா?" ஒரு பலகையும் எழவில்லை. நீக்கச் சொன்னவர்கள் இத்தனை வருடம் காத்திருந்த நேரம் அது. திரு. எக்லி சுத்தியலை ஓங்கினார்.

தலைவர் அவர்களே, நீங்கள் தலை குனிய வேண்டியதில்லை. இதைச் சொல்லவே நான் வந்தேன். அந்த அம்மையாரோடு உங்களைப்போல் சண்டை போட்டவர் எவரும் இல்லை. கடலே இல்லாத மலைநாட்டுக்காரருக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் உங்களைச் சீண்டாத நாள் இல்லை. ஆனாலும் ஓங்கிய கை அப்படியே நின்றது. "ஐஸ்லாந்து எங்கே?" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, ஒலிவாங்கியை அணைக்க மறந்து, "யோவ் ட்வோமி, அந்தம்மா வராம இருக்காதுய்யா. ஓடிப்போய்ப் பாரு!" என்றீர்கள். கூட்டத்தை ஒத்திவைத்தீர்கள்.

ஓடினேன். அவர் வீட்டுக் கதவை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. மாரடைப்பு, சனிக்கிழமையே போய்விட்டார் என்றார் மருத்துவர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவரைத் தேட ஆளில்லை! காலி இருக்கையை வைத்துத்தானே நமக்குத் தெரிந்தது! இப்போது அரங்கில் பக்கத்தில் திரும்பினால் முணுமுணுக்க ஆள் இல்லை. அந்த அரங்கில் இனி எனக்கென்று யாரும் இல்லை, ஹில்துர்.

வருகிற வியாழக்கிழமை அந்தப் பொருள் மறுபடி வருகிறது. அவருக்குப் பதிலாக வருபவர் அடுத்த மாதம்தான் வந்து சேர்கிறார். தலைவரால் இன்னொரு முறை ஒத்திவைக்க முடியாது. அன்று ஒத்திவைத்ததற்கே அவர்மீது கண்டனக் கடிதம் போயிருக்கிறது. ஆக, வியாழக்கிழமை பிர்னா அறையில் இருக்க மாட்டார். இல்லாதவருக்குச் சம்மதம் என்று எழுதப்போகிறோமா? பிர்னாவுக்கா? சம்மதமா!

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எனக்குப் பின்னால் எல்லோரும் சொல்வீர்கள். நானும் சொல்கிறேன், நாள் குறித்தே சொல்கிறேன். வியாழக்கிழமை அயர்லாந்து தன் பலகையைத் தூக்கி நிறுத்தும். என் தூதர் முன்வரிசையில் தலையில் கை வைத்துக்கொள்வது தெரிகிறது. மன்னியுங்கள் ஐயா, உங்களிடம் முன்னாலேயே சொன்னால் தடுத்திருப்பீர்கள். பிரஸ்ஸல்ஸ் இருக்கும்போது அயர்லாந்து எழுந்தால் அது செல்லுமா? தெரியாது. வழக்கறிஞர்கள் வாரக்கணக்கில் சண்டை போடட்டும். சண்டை முடியும்வரை சுத்தியல் விழாது அல்லவா? அது போதும். அதற்குள் ஐஸ்லாந்துக்காரர் வந்துவிடுவார். என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள், போகிறேன்.

ஆனால் நண்பர்களே, தூக்கிய பலகையோடு தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அவருக்கு இருந்த நெஞ்சுரம் எனக்குக் கிடையாது. பயமாக இருக்கிறது. வெளி நடையில் வந்து நான் சொன்னது சரி என்று சொல்லாதீர்கள். உள்ளே, உங்கள் இடத்திலிருந்து, இன்னொரு பலகை எழட்டும். ஒன்றே ஒன்று. நான் திரும்பிப் பார்ப்பேன்.