அழகையா ஸ்டோர்ஸை விலை பேசியவர்களுக்கு

மதிப்பிற்குரிய தலைவர் செல்லசாமி ஐயா அவர்களே! மலையையே நனைக்கும் மழையை மதியாமல் இந்தத் தலவாக்கலை மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு நேரே இங்கு வந்திருக்கும் என் தாய்மார்களே! முன்வரிசையில் மூக்கைச் சுளித்தபடி வீற்றிருக்கும் கொழும்புக் கம்பெனிக் கனவான்களே! அவர்களோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறந்த அண்ணன் ராமநாதன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் சிவகாமசுந்தரி. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் றொசல்லயிலும் நோட்டன் பிரிட்ஜிலும் கடை திறந்த அழகையாவின் மகள். அழகையா ஸ்டோர்ஸில் பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. அப்பா அப்படித்தான் விட்டுப் போனார். இப்போது நான்கு கடைகளையும் சேர்த்து இந்தக் கம்பெனி விலை பேசுகிறது. அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். என் தலைதான் இன்னும் ஆடவில்லை. அது ஏன் ஆடவில்லை என்று சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

என்னம்மா? சத்தமாகப் பேச வேண்டுமா? பேசுகிறேன். முன்வரிசைக்குக் கேட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன்!

"நோட்டன் பிரிட்ஜ் கடையை மட்டும் முதலில் நடத்திப் பார்க்கட்டும், சிவகாமி" என்றார் அண்ணன். சரி என்றேன். வந்தார்கள் ஐயா, வந்தார்கள்! நாகரிகத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்! வந்ததும் கருவாட்டைத் தூக்கி வெளியே போட்டார்கள். நாற்றமாம்! மழைக்கு ஒதுங்கியவர்கள் உட்காரும் வாங்கைக் கழற்றினார்கள். அசிங்கமாம்! கண்ணாடி அலமாரி வந்தது, அதற்குள் தகரத்தில் அடைத்த மீன் வந்தது. வெயிலில் காய்ந்த மீன் நாறுமாம், தகரத்தில் கிடந்த மீன் மணக்குமாம். கொழும்பு மூக்கின் மகிமையே மகிமை!

அதோடு விட்டார்களா? சில்லறையாக எதையும் நிறுத்துக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மல்லியா? அரை ராத்தல் பைக்கற். ஓமமா? அதுவும் அரை ராத்தல் பைக்கற்! அரை ராத்தல் ஓமம், தாய்மார்களே! லயத்து வீட்டுக்கு வீடு வயிற்றுவலி வந்தாலும் தின்று தீர்க்க முடியுமா? சிரிக்கிறீர்கள். சிரிக்க முடியாத கதை இனிமேல்தான் வருகிறது.

அதோ, தூண் ஓரமாக நிற்கிறாரே சோலைமலை. நோட்டன் பிரிட்ஜ் கடையில் தராசு பிடித்தவர். யார் வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை, யார் வீட்டில் கலியாணம் என்று கேட்டுக் கேட்டுப் பொட்டலம் கட்டியவர். அவர் கழுத்தில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டு, "வாடிக்கையாளரோடு வீண் பேச்சுக் கூடாது" என்றார் புதிய மனேஜர்.

ஒரு நாள் சாயங்காலம், கொழுந்து பறிக்கும் நம் வேலாயி கடைக்கு வந்தார். எழும்ப வேண்டாம் வேலாயி, உட்காருங்கள். கைப்பிள்ளைக்கு வயிற்றுப் பொருமல். பிள்ளை வீறிட்டு அழுகிறது. மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குச் சாக்கோடு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

"அண்ணே, கொஞ்சூண்டு ஓமம் குடுங்க. புள்ள துடிக்குது."

சோலைமலை மனேஜரைப் பார்த்தார். மனேஜர் தரையைப் பார்த்தார். எதற்கு? படங்கிலிருந்து சொட்டிய தண்ணீரை அளப்பதற்கு!

"பைக்கற் வாங்கினால் வாங்கு. இல்லாவிட்டால் வெளியே நில். கடையை நனைக்காதே."

மனிதன் சொல்லும் சொல்லா இது? அழுகின்ற பிள்ளையை ஏந்தி நிற்கும் தாயிடம் சொல்லும் சொல்லா இது? சோலைமலை ஒரு பைக்கற்றைப் பிரித்தார். ஒரு கை ஓமத்தைக் காகிதத்தில் மடித்து வேலாயியின் கையில் வைத்தார். "வெந்நியில போட்டுக் குடும்மா" என்றார். அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே வேலை போயிற்று!

சோலைமலை கழுத்துப் பட்டியை அவிழ்த்து மேசையில் வைத்தார். "இத வேற ஆளுக்குக் கட்டிக்குங்க தொர. எனக்கு ஆரம்பத்துலருந்தே மூச்சு முட்டுது" என்றார்.

வேலாயி என்ன செய்தார் தெரியுமா? மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், எல்லாப் பெண்களுக்கும் நடுவில் நின்று நடந்ததைச் சொன்னார். "அந்த அண்ணே இல்லாத கடையில எனக்கு உப்புக்கூட வேணாம்" என்றார். அவ்வளவுதான். வாய்க்கு வாய் போயிற்று, தோட்டத்துக்குத் தோட்டம் போயிற்று. சம்பளச் சனிக்கிழமை வந்தது. மனேஜர் வாசலில் நின்றார். கூட்டம் பஸ் ஏறி ஹட்டனில் உள்ள எங்கள் கடைக்குப் போயிற்று! கம்பெனிக்காரர்கள் விலையைக் குறைத்தார்கள், ஒருவரும் போகவில்லை. தப்படித்துக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கண்ணாடி அலமாரியில் தகர மீனும் மனேஜரின் முகமும் மட்டுமே தெரிந்தன!

இப்போது சொல்லுங்கள். ஒரு கடையையே நடத்தத் தெரியாதவர்கள் மற்ற மூன்றையும் எதற்காக இவ்வளவு அவசரமாகக் கேட்கிறார்கள்? நான் சொல்கிறேன். நோட்டன் பிரிட்ஜ் பெண்களுக்குக் கோபித்துக்கொண்டு போக ஹட்டன் கடை இருந்தது. நான்கும் இவர்கள் கைக்குப் போனால், அடுத்த வேலாயி எங்கே போவார்? கோபப்படக்கூட இடமில்லாமல் செய்வதற்குப் பெயர்தான் வியாபாரமா, கனவான்களே?

என்ன, எழுந்துவிட்டார்களா? தாய்மார்களே, வழி விடுங்கள். கத்த வேண்டாம். வெளியே மழை கொட்டுகிறது, யாராவது குடை கொடுங்கள். நனைந்தவர்களைக் கண்டால் அவர்களுக்குப் பிடிக்காது!

அண்ணன் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். நல்லது. அண்ணா, நேற்று உங்களிடம் கேட்டேன்: "கடையைப் பார்க்க உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் நான் பார்க்கிறேனே?" நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நம்ம வீட்டுப் பொம்பள கடையில ஒக்காந்தா குடும்ப மானம் என்னாகும்?" என்றீர்கள். கைப்பிள்ளைக்காரியை மழையில் நிறுத்தியபோது போகாத மானம், சோலைமலையைத் தெருவில் விட்டபோது போகாத மானம், அப்பாவின் பெயர்ப்பலகையை விலை பேசியபோது போகாத மானம், உங்கள் தங்கை தராசைத் தொட்டால் போய்விடுமா? அப்படிப் போகிற மானம் போகட்டும் அண்ணா! அதைக் கம்பெனிக்காரர்கள் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளட்டும்!

என் பங்கை நான் விற்கப் போவதில்லை. நோட்டன் பிரிட்ஜ் கடையைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். அது வரும்வரை சோலைமலைக்கு இந்தத் தலவாக்கலைக் கடையில் வேலை இருக்கிறது.

பேச இடம் தந்த தலைவருக்கும், ஈரத்தோடு நின்று கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அண்ணனுக்கும் நன்றி, அவர் எழுந்து போகவில்லை. நாளைக் காலை இந்த ஊர்க் கடை திறக்கும்போது கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் நான்தான். உங்களுக்கு என்ன வேண்டுமென்று அங்கே வந்து என்னிடம் சொல்லுங்கள். வணக்கம்!