மீசை முளைக்கும் வரை

லா சப்பலில் மெத்ரோ ரயில் ஏறினேன். நல்ல காலம், உட்கார இடமும் கிடைத்தது, முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெடியன்களும் கிடைத்தார்கள்.

"இந்தியன் ஆமி சமாதானத்துக்கு வந்திருக்காம், அண்ணை. ஊரிலை என்ரை மனுசி அவங்களுக்கு மாலை போட்டவளாம்" என்றான் இளையவன்.

மூத்தவன் கொதித்தான். "விசரே உங்களுக்கு? என்னோடை கோப்பை கழுவிற ஹெயிட்டிக்காரனைக் கேள். அவன்ரை நாட்டிலையும் ஒழுங்குபடுத்தத்தான் எண்டு அமெரிக்கன் வந்தவன். வரமுதலே பாங்கிலை கிடந்த பொன்னைக் கப்பலிலை ஏத்திப்போட்டான்! ஆர் கூப்பிட்டது?"

"பிறகு போயிட்டாங்கள்தானே?"

"ஓம், போனவங்கள். அவன்ரை அப்பா பிறந்த வருசம் வந்து, அப்பாவுக்கு மீசை முளைச்ச பிறகு போனவங்கள்."

இளையவன் மனைவி அனுப்பிய படத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான்.

"என்ரை மகனுக்கு இப்பதான் மூண்டு மாசம், அண்ணை."