உச்சிக்கு ஏறிய பாலத்துச் சாமி

மழைக்காக மட்டுமே அண்ணாந்து பார்த்த இந்தக் கரிசல் மண்ணை, இன்று ஒரு கல்பாலத்தை அண்ணாந்து பார்க்க வைத்த விழாத் தலைவர் சுடலைராஜ் அண்ணாச்சி அவர்களே! வெயிலுக்குச் சளைக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! முந்தி வந்து முன்வரிசை பிடித்த தாய்மார்களே! உங்கள் பலசரக்குக் கடை பூவனநாதனின் வணக்கம்!

எதற்காகக் கட்டினார்கள் நம் பூட்டன்மார் இந்தப் பாலத்தை? கரிசல் நனைந்தால் காலைக் கவ்வும், ஓடை பெருகினால் ஊர் இரண்டாகும், அதற்காகக் கட்டினார்கள்! கருங்கல்லால் கட்டினார்கள், காரையால் கட்டினார்கள், கையால் கட்டினார்கள்! அந்தப் பாலம் போன வெள்ளத்தில் சரிந்தது. சரிந்ததும் நாம் என்ன செய்தோம்? ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு போனோம்!

என்ன தம்பி? "அண்ணாச்சி, ஒங்க கடைப் படிக்கல்லு?" என்றா கேட்கிறாய்? ஏலே, அதைத்தானே முதலில் திருப்பிக் கொடுத்தேன்! உட்காரு!

பாலத்தைத் திரும்பக் கட்டுவதென்று ஊர் முடிவெடுத்ததும் எல்லாக் கல்லும் வந்தது. வளைவின் உச்சியில் பூட்டும் கல் மட்டும் வரவில்லை. அது ஏறினால்தான் வளைவு தானாக நிற்கும். அதுவரை மரச்சாரத்தின் மேல்தான் படுத்திருக்கும். கிழக்கே மேகமோ கறுத்துவிட்டது. ஓடை வந்தால் சாரம் போகும், சாரம் போனால் பாலம் போகும்!

கல் எங்கே? ஆடு வளர்க்கும் நம் ராதாமணி அக்கா வீட்டு வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசி, மாலை சூடி, பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தது! அவருடைய கடைசி ஆடும் கரையேறிய பிறகுதான் அன்று பாலம் விழுந்ததாம். அந்த நன்றியில் கல்லைச் சாமியாக்கிவிட்டார்.

கொத்தனார் காளிராஜ் கும்பிட்டுக் கேட்டார். "எங்க ஆட்டக் காத்த சாமிய எப்படிப் பேத்துட்டுப் போவிய?" என்று கண் கலங்கினார் அக்கா. மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு. பிறகு அவரே சொன்னார்: "பூக்கட்டிப் பாப்போம். வெள்ளப்பூ வந்தா சாமி அவியளுக்குச் சம்மதம். செவப்பு வந்தா யாரும் தொடப்படாது." அவரே இரண்டு பொட்டலம் கட்டிச் சாமி முன் போட்டார். ஊரே சுற்றி நிற்க, சின்னப்பிள்ளை ஒன்றை எடுத்தது. வெள்ளைப்பூ! குலவைச் சத்தம் கடம்பூர் வரை கேட்டிருக்கும்!

கல் ஏறியது. சாரம் இறங்கியது. அடுத்த வாரமே மழை! ஓடை முட்டியது, மோதியது, முழங்கியது, வளைவு அசைந்ததா? அசையவில்லை!

அப்புறம் நடந்ததைச் சொல்லட்டுமா, அக்கா? தலையாட்டிவிட்டார். மிச்சமிருந்த பொட்டலத்தை நான் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளைப்பூ! "என்னக்கா இது?" என்றேன்.

"ஊருக்கு நடுவுல ஒசந்து நிக்க அவியளுக்கு ஆசை இருக்காதா அண்ணாச்சி? நாந்தான் எங்க வீட்டோட கட்டிப்போட்டுட்டேன்."

அடடா! சாமியையே ஊருக்குக் கொடுத்த மனசு! ரிப்பனைச் சுருட்டி வையுங்கள். இந்தப் பாலத்தில் முதலில் நடக்கப்போவது அக்காவின் ஆடுகள்! கல் கொடுத்த கைகளுக்கும் கேட்ட காதுகளுக்கும் நன்றி, வணக்கம்! அக்கா, பத்திட்டு வாங்க! ஏலே, வழிய விடுங்கடே!